கிராணியார் கன்னத்து மரு

பெண்டாட்டி கண்ணெதிரே வேறொருவனோடு சிரித்துப் பேசியிருந்தால்கூட தங்கராஜு அவ்வளவு கொதித்திருக்க மாட்டார். கெர்பாவ் ரோட்டில் அவருடைய முடிதிருத்தும் கடைக்கு நேர் எதிரே பாலகிருஷ்ணன் புதிதாகத் திறந்த சலூனில், கிராணி சுந்தரம் கண்ணை மூடிக்கொண்டு மல்லாந்து கிடந்ததைப் பார்த்த அன்று காலையில், தங்கராஜுவின் கையிலிருந்த சோப்புத் தூரிகை நழுவித் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் தோன்றாமல் நின்றார்.

சுந்தரம் என்றால் சாதாரண வாடிக்கை இல்லை. துறைமுக ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அதற்குமேல் மழமழவென்று சிரைத்த முகம். சண்டை முடிந்து ஜப்பான்காரன் போனதிலிருந்து அந்த முகத்தில் தங்கராஜுவின் கத்தியைத் தவிர வேறு கத்தி பட்டதில்லை. கிராணியாரே அங்கேதான் சிரைத்துக்கொள்கிறார் என்ற பேச்சுக்காகவே ஃபேரர் பார்க்கிலிருந்தெல்லாம் ஆட்கள் நடந்து வந்தார்கள். சுந்தரம் வரும் நேரத்துக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வேறு யாரும் உட்கார வந்தால் "கொஞ்சம் பொறுங்க, அவர் வர்ற நேரம்" என்று தங்கராஜு விரட்டுவார். விரட்டுவதில் ஒரு பெருமை. தம் வீட்டுப் பிள்ளையைப்போல் அந்த முகத்தைச் சொந்தம் கொண்டாடியிருந்தார்.

அந்த முகத்தைத்தான் நேற்று முளைத்த பயல் ஒருவன் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான்.

பாலகிருஷ்ணன் ஜோகூரிலிருந்து வந்தவன். முப்பது வயதுகூட இருக்காது. அவன் கடையில் சாய்ந்து படுக்கிற இரும்பு நாற்காலி இருந்தது, தலைக்குமேல் மின்விசிறி சுற்றியது, ரேடியோ பாடியது. இதெல்லாம் தங்கராஜுவுக்குப் பொருட்டே இல்லை என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். ஒரு நாளைக்குப் பல தடவை சொன்னார்.

"நாற்காலியா சிரைக்குது? கைதானே சிரைக்குது?" என்று அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி மனைவி முத்தாயியிடம் பொருமினார்.

முத்தாயி ரசத்தை ஊற்றினாள். "அந்த மனுஷன் எங்க வேணும்னாலும் போய்ச் சிரைச்சிக்கட்டுமே. நீங்க என்ன அவருக்குத் தாலியா கட்டியிருக்கீங்க?"

"உனக்குப் புரியாது."

"எனக்கா புரியாது? போன வருஷம் என் தங்கச்சி புருஷன் எனக்குப் பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தப்பகூட உங்களுக்கு இப்படி மூஞ்சி சுண்டல. சாப்பிடுங்க லா, ஆறிப்போகுது."

சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து தங்கராஜுவுக்குக் கண் கடைக்குள்ளே நிற்கவில்லை. ஒருவருக்குக் கிருதா எடுத்துக்கொண்டே கண்ணாடி வழியாக எதிர்க்கடையைப் பார்ப்பார். சுந்தரம் வந்தாரா, எவ்வளவு நேரம் இருந்தார், சிரித்தாரா, பாலகிருஷ்ணன் என்ன பேசினான், எல்லாம் அவருக்கு வேண்டும். ஒரு நாள் சுந்தரம் வெளியே வரும்போது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தடவலை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார் தங்கராஜு. அது அவருக்குரியது.

அதற்குப் பின் சுந்தரத்தை நேருக்கு நேர் பார்த்தது பஃபலோ ரோட்டுக் கோப்பிக்கடையில். தங்கராஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் அவர் கண் பழக்கதோஷத்தில் கிராணியாரின் தாடையில் போய் விழுந்தது. விழுந்ததும் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இடது காதடியில் தொடங்கி மோவாய் வரைக்கும் தோல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ முளைத்திருந்தது. அரிசிக் குறுணையைத் தூவியதுபோல் இருந்தது. நுனி சொரசொரத்துக் கிடந்தது.

"கிராணியாரே, என்ன இது கன்னத்துல?"

சுந்தரம் வெட்கத்தோடு கையால் மறைத்தார். "அதான் தெரியல தங்கராஜு. பரு மாதிரின்னு நினைச்சேன். கூடிக்கிட்டே போகுது. ஆபீஸ்ல துரை என்னை எட்டி நின்னு பேசறாரு."

தங்கராஜுவின் உள்ளே சந்தோஷம் கிளம்பியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. வாயெல்லாம் பல்லாகிவிடும் போலிருந்தது. இருமுவதுபோல் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

"மருங்க இது. கண்டவன் கத்தியெல்லாம் முகத்துல பட்டா இப்படித்தான். இத்தனை வருஷம் என்கிட்ட வந்தீங்களே, ஒரு சின்னப் பரு கிளம்பியிருக்குமா?"

சுந்தரத்தின் முகம் யோசித்தது. அது போதும் தங்கராஜுவுக்கு. அன்று சாயங்காலத்துக்குள் கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு, கோயில் வாசல் பூக்கடை வரைக்கும் எதிர்க்கடைக் கத்தியின் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அதையே சொன்னார். கத்திரிக்கு அடியில் இருப்பவன் எழுந்தா போவான்? கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தது பாருங்கள், அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது. அவரே வலியப் போய் சுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு, ஜாலான் புசாரில் தோல் வியாதிகளைப் பார்க்கும் டாக்டர் நூருல் அமீனிடம் போனார்.

டாக்டர் அதிகம் பேசாத மனிதர். சுந்தரத்தை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, பூதக்கண்ணாடியை வைத்துத் தாடையைக் காதிலிருந்து மோவாய் வரை பார்த்தார். விரலில் உறை மாட்டிக்கொண்டு ஒன்றை மெதுவாக நெருடினார்.

"அரிக்குதா?"

"இல்லிங்க. சவரம் பண்ணும்போது வெட்டுப்பட்டா ரத்தம் வரும்."

"மருதான். பயப்பட ஒண்ணும் இல்ல. இதுக்கு ஒரு கிருமி இருக்கு, வைரஸ்னு சொல்லுவாங்க. சாதாரண மைக்ராஸ்கோப்லகூடத் தெரியாது. தோல்ல சின்னக் கீறல் கிடைச்சா உள்ள போயிரும். இந்த வரிசையைப் பார்த்தீங்களா, கோடு போட்ட மாதிரி? கத்தி போற வழி இது. சவரக்கத்தியாலதான் பரவியிருக்கு."

தங்கராஜு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேவிட்டார். "நான் சொன்னேனே! சொன்னேனா இல்லையா கிராணியாரே?"

"சுட்டு எடுத்துடலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஆறி முடியற வரைக்கும் முகத்துல கத்தியே படக்கூடாது. தாடி வளரட்டும். மிஸ்ஸி, இவரை உள்ள கூட்டிட்டுப் போய் மரத்துப்போற மருந்து போடுங்க."

தாதி சுந்தரத்தை உள்ளறைக்கு அழைத்துப் போனாள். தங்கராஜுவுக்கு அதைவிட நல்ல தீர்ப்பு வேறு வேண்டாம். கிராணியார் தாடி வளர்ப்பார். அதுவரை எதிர்க்கடைக்காரன் அந்த முகத்தைத் தொட முடியாது. நான் தொடாவிட்டாலும் போகிறது, அவன் தொடக்கூடாது. மனசு குளிர்ந்துபோய், டாக்டரிடம் வலியப் பேச்சுக் கொடுத்தார்.

"எங்க தெருவுல புதுசா ஒருத்தன் கடை போட்டிருக்கான் டாக்டர். இவர் பொங்கலுக்கு அப்புறம் அங்க போக ஆரம்பிச்சாரு, மூணே வாரம், இப்படி ஆகிப்போச்சு."

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். "மூணு வாரத்துல இது வராதே. ஒட்டி, உள்ள கிடந்து, வெளிய தெரியறதுக்கு மாசக்கணக்காகும். தீபாவளிக்கு முன்னாலயே ஒட்டியிருக்கணும். அப்ப இவருக்கு யார் சவரம் பண்ணாங்க?"

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள் தங்கராஜுவின் நினைவுக்கு வந்தது. சுந்தரத்தின் காதடியில் ஒற்றையாய் ஒரு மரு துளிர்த்திருந்தது. சவரத்தின்போது கத்தி நுனியால் ஒரே சீவு சீவி, படிகாரக் கட்டியை ஒற்றி, வாடிக்கையாளர் உணரும் முன்பே காரியத்தை முடிப்பது தங்கராஜுவின் தனி வித்தை. யார் முகத்தில் மரு இருந்தாலும் கேட்காமலே சீவிவிடுவார். அன்று அதைச் சீவிவிட்டு அதே கத்தியைத் தாடை வரைக்கும் இழுத்தார். கிராணியார் கண்ணாடியில் பார்த்து, "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று சொன்னார்.

"சீவினா போயிரும்தானே டாக்டர்?" என்று தங்கராஜு கேட்டார்.

"சீவினா விதைச்ச மாதிரி. அந்த ரத்தம் பட்ட கத்தி போற இடமெல்லாம் முளைக்கும். படிகாரம் வச்சிருப்பீங்களே, எல்லார் முகத்துக்கும் ஒரே கட்டியா?" பேசிக்கொண்டிருந்த டாக்டரின் பார்வை தங்கராஜுவின் இடது கைக்கு இறங்கியது. "அந்த ஆள்காட்டி விரலைக் காட்டுங்க."

"இது காய்ப்பு டாக்டர். வருஷக்கணக்கா கத்தி பிடிக்கிற தொழில்."

"கத்தியை வலது கையிலதானே பிடிக்கிறீங்க?"

தங்கராஜு விரலை நீட்டினார். இடது ஆள்காட்டி விரலின் நுனி, வாடிக்கையாளரின் கன்னத்தோலை இழுத்துப் பிடிக்கிற இடம். டாக்டர் சின்னக் கத்தி ஒன்றால் அந்தத் தடிப்பின் மேல்தோலை வெங்காயச் சருகுபோல் மெல்லியதாகச் சீவினார். பூதக்கண்ணாடியை அவர் கையிலேயே கொடுத்தார்.

"காய்ப்பா இருந்தா ரேகை அதுக்கு மேலயே நேரா ஓடும். இங்க பாருங்க, ரேகை சுத்திக்கிட்டுப் போகுது. நடுவுல கறுப்புக் கறுப்பா புள்ளி தெரியுதா? ரத்தக் குழாய் நுனி, உறைஞ்சு கிடக்கு. இதுவும் மருதான். எத்தனை கன்னத்தைத் தொட்டிருக்கு இந்த விரல்?"

கணக்கு இருந்தால்தானே தங்கராஜு சொல்வதற்கு.

"தினம் ராத்திரி வெந்நீர்ல ஊறவச்சு, நுரைக்கல்லால தேய்ச்சு, நான் தர்ற ஆசிட் பிளாஸ்திரியை ஒட்டுங்க. புள்ளி மறைஞ்சு, ரேகை திரும்பி வர்ற வரைக்கும் யார் முகத்தையும் தொடாதீங்க, உங்க முகம் உட்பட. அந்தப் படிகாரக் கட்டியைத் தூக்கிப் போடுங்க. கத்தியை ஒவ்வொரு ஆளுக்கும் கொதிக்க வைங்க." டாக்டர் உள்ளறைப் பக்கம் நடந்தார். கதவருகே நின்று, "உங்க நண்பர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

சுந்தரம் தாடையெல்லாம் மருந்துப் பஞ்சோடு வெளியே வந்தபோது தங்கராஜு சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அதற்குள் கிராணியார் அவர் தோளில் கையைப் போட்டார். "நீ சொன்னதுதான் சரி தங்கராஜு. உன்னை விட்டுட்டு அங்க போனேனே, என்னைச் சொல்லணும்." எத்தனை நாளாக ஏங்கிய வார்த்தை அது! அதைக் கேட்ட காதோடு மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆகட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்.

நாளைக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சொல்லவேண்டிய அவசியமும் அவருக்குத் தெரியவில்லை. ஏனென்றால் சுந்தரமே தெருவெல்லாம் "கத்தியாலதான் வந்துச்சாம், டாக்டரே சொன்னாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். டாக்டர் சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? எதிர்க்கடையில் மின்விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. ரேடியோ ஆளில்லாத நாற்காலிக்குப் பாடியது. தங்கராஜு விரலில் பிளாஸ்திரி ஒட்டி, கத்தி வெட்டிவிட்டது என்று புளுகினார். தன் கத்தியால் தன்னையே வெட்டிக்கொள்கிறவன் என்ற பெயர் இந்தத் தொழிலில் மானக்கேடு. இருந்தாலும் உண்மையைவிட அது பரவாயில்லை என்று பட்டது. முடி மட்டும் வெட்டினார். சவரத்துக்கு வந்தவர்களிடம் விரல் ஆறட்டும் என்றார். அவர்களில் ஒருவரும் எதிர்க்கடைக்குப் போகத் துணியவில்லை.

ஒரு நாள் பாலகிருஷ்ணனே தெருவைத் தாண்டி வந்தான். கையில் துண்டில் சுற்றிய கத்திகள்.

"அண்ணே, என் கத்தியாலதான் கிராணியாருக்கு ஆச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒவ்வொரு ஆளுக்கும் கொதிக்கவச்சுத்தான் எடுக்கறேன். எங்க தப்புன்னு தெரியல. நீங்க தொழில்ல பெரியவங்க. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

தங்கராஜு கத்திகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. பிடிக்குள்கூட அழுக்கில்லை. குற்றம் கண்டுபிடிக்க முடியாததே அவருக்குக் கோபமாக வந்தது. இவன் கொஞ்சம் அழுக்காக இருந்து தொலைத்தால் என்ன?

"பரவாயில்ல" என்று மட்டும் சொல்லி மூட்டையைத் திருப்பிக் கொடுத்தார். அவன் அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி வெந்நீரில் விரலை ஊறப்போட்டு உட்கார்ந்திருந்தவரை முத்தாயி ஏற இறங்கப் பார்த்தாள். "எதிர்க்கடை ஈ ஓட்டுது, இன்னும் உங்க மூஞ்சி தெளியலையே" என்றாள். அவர் தண்ணீர் சூடு போதவில்லை என்று அவள்மேல் எரிந்து விழுந்தார்.

சுந்தரத்தின் கன்னம் ஆறிவிட்டது. இனி சிரைக்கலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை நிறைய ஆள் இருக்கும்போது கிராணியார் தாடியும் சிரிப்புமாக உள்ளே வந்தார். அவராகவே துண்டை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"எடுப்பா கத்தியை. இனிமே உயிரே போனாலும் இந்த நாற்காலிதான்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கராஜுவின் நெஞ்சு விம்மியது. கண்ணாடியில் எதிர்க்கடை தெரிந்தது. பாலகிருஷ்ணன் வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பார்க்கட்டும்! தங்கராஜு புதுத் தூரிகையால் நுரையைக் குழைத்து அந்தக் கன்னத்தில் பூசினார். கொதிக்கவைத்த கத்தியை விரித்தார். கிராணியார் பழைய மாதிரியே தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

காலையில்தான் தங்கராஜு தம் விரலைப் பார்த்திருந்தார். தடிப்பு கரைந்துவிட்டது. ஆனால் நடுவில் இன்னும் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. நடுவிரலால் இழுத்துப் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் கையை நீட்டினார். கை கேட்கவில்லை. அத்தனை வருஷம் பழகிய ஆள்காட்டி விரல் தானாக முன்னே போய், காதடியில், புதுத்தோல் இளஞ்சிவப்பாய் மூடியிருந்த இடத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்றது. அவர்தான் நிறுத்தினார்.

"கிராணியாரே."

"ம்."

"அவன் கத்தியால வரல. என் கத்தியாலதான் வந்துச்சு. தீபாவளிக்கு முன்னால ஒண்ணு சீவினேனே, அது. டாக்டர் அன்னைக்கே என்கிட்ட சொல்லிட்டாரு. இந்த விரல்லயும் இருக்கு. வெட்டுக்காயம் இல்ல, மரு. இன்னும் போகல."

சுந்தரம் கண்ணைத் திறந்தார். நுரைக்கு நடுவில் அந்தக் கண்கள் சிவந்து தெரிந்தன.

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க அங்க போனது எனக்குப் பொறுக்கல" என்றார் தங்கராஜு. அதற்குமேல் நயமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

"உன் நாற்காலி முதுகை ஒடிக்குதுன்னுதான்யா போனேன்! அதைச் சொன்னா நீ சண்டைக்கு வருவேன்னு சொல்லாமப் போனேன்!" சுந்தரம் எழுந்தார். முகம் நிறைய நுரை, கழுத்தில் துண்டு; அப்படியே தங்கராஜுவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். "வா. ஊர் பூராச் சொன்ன வாயால அவன்கிட்டயும் வந்து சொல்லு."

கெர்பாவ் ரோட்டில் மாடு ஓட்டி வந்தவன்கூட நின்று பார்த்தான். வாசலில் நின்ற பாலகிருஷ்ணனிடம் தங்கராஜு மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னார். தெருவில் கதை கட்டிவிட்டது தாம்தான் என்பதையும் சொன்னார். பின்னால் கூட்டம் சேர்ந்திருந்தது.

"கடையை மூடிட்டு ஊருக்கே போயிரலாம்னு நேத்துதான் பொண்டாட்டிகிட்ட சொன்னேன்" என்றான் பாலகிருஷ்ணன். "உங்ககிட்டயே கத்தியைக் கொண்டுவந்து காட்டினேனே அண்ணே." அவ்வளவுதான். சுந்தரத்தை உட்காரவைத்தான், காய்ந்துபோன நுரையைத் துடைத்துப் புதுசாகப் பூசினான், சிரைத்தான்.

தங்கராஜு போய்விடலாம், கால் நகரவில்லை. இவ்வளவு பக்கத்தில் நின்று அவன் வேலையை இதுவரை பார்த்ததில்லை. அவன் கையில் அவசரம் இல்லை. புதுத்தோல் இருந்த இடத்தில் கத்தியைத் தூக்கிச் சுற்றிக்கொண்டு போனான். எங்கேயாவது தடுமாறுவான் என்று பார்த்தவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சியது. சுந்தரம் எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்தார். திருப்தி முகத்திலேயே தெரிந்தது. அந்தத் தடவலைப் பார்த்தபோது தங்கராஜுவுக்கு மூக்கு அடைத்துக்கொண்டது.

"நீங்களும் உக்காருங்க அண்ணே" என்றான் பாலகிருஷ்ணன். சிரிக்கவில்லை.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து தங்கராஜு தம் முகத்திலும் கத்தி வைக்கவில்லை. முருகனுக்கு வேண்டுதல் என்று சொல்லிச் சமாளித்த நரைத்த தாடி கொத்துக்கொத்தாக நின்றது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். வாசலில் தெருவே நின்றது. இப்போது உட்காராமல் போனால் இந்தக் கடையில் இனி யாரும் உட்கார மாட்டார்கள். அது அவருக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. உட்கார்ந்தார்.

நாற்காலி முதுகுக்கு அடியில் மெல்லச் சாய்ந்தது. தலைக்குமேல் விசிறிக் காற்று. இத்தனை வருஷத்தில் இன்னொருவர் கை அவர் கன்னத்தைத் தொட்டதில்லை. பாலகிருஷ்ணனின் விரல் தோலை இழுத்துப் பிடித்தது, கத்தி இறங்கியது, இறங்கியதே தெரியவில்லை. தங்கராஜு கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கீறல், ஒரே ஒரு கீறலாவது விழட்டும் முருகா என்று மனசார வேண்டினார்.

விழவில்லை.